யாக்கோபை நாயகனாக வைத்து ஒரு நாவல்: கற்பனைக்கு எல்லை எது?

கேள்வி (காட்பாடி வாசகன்):
எருசலேம் சபையை நடத்திய, இயேசுவின் சகோதரர் எனப்பட்ட யாக்கோபை மையமாக வைத்து ஒரு வரலாற்று நாவல் எழுதிவருகிறேன். யூத மரபுக்குள் அவர் கட்டிக்காத்த இயக்கத்தைப் பவுல் கைப்பற்றிப் புறஜாதியாரின், அதாவது யூதரல்லாதாரின், மதமாக்கினார் என்பதும், பிறகு 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் தனக்கு ஒவ்வாத சுவிசேஷங்களைத் தள்ளிவிட்டு வேதாகமத்தை முடிவுசெய்தது என்பதும் கதையின் அடித்தளம். வேலூர்க் கோட்டைக்குள் உள்ள தேவாலயத்துக்குப் போய்வரும் என் தாயார், சில அத்தியாயங்களைப் படித்துவிட்டு, பவுலை வில்லனாக்க என்ன ஆதாரம் என்று கேட்கிறார். ஆதாரம் இல்லாத இடத்தை நிரப்பத்தானே நாவல்? ஆனாலும் விவரம் அறிந்தவர்கள் எங்கே சிரிப்பார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் (ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர், வேலூர்):
நிசேயாவில்தான் சிரிப்பார்கள். அங்கே விவாதிக்கப்பட்டவை குமாரன் பிதாவுக்குச் சமமல்ல என்ற ஆரியுஸின் போதனை, பாஸ்கா (ஈஸ்டர்) நாள் போன்றவை. எந்த நூல்கள் வேதம் என்பது அல்ல. இன்றுள்ள 27 புதிய ஏற்பாட்டு நூல்களை மட்டும் பட்டியலிட்டு நமக்குக் கிடைத்திருக்கும் முதல் ஆவணம், அலெக்சாந்திரியாவின் அத்தனாசியு 367-இல் எழுதிய பாஸ்கா மடல். மர்ம நாவல்கள் பரப்பிவிட்ட இந்தத் தவறு உங்களுக்குத் தேவையே இல்லை, ஏனெனில் யாக்கோபின் முடிவே போதிய நாடகம். ரோம ஆளுநர் பெஸ்து இறந்து, அடுத்தவரான அல்பினு வந்துசேராத இடைவெளியில், 62-ஆம் ஆண்டில், பிரதான ஆசாரியன் அனனுஸ் அவசரமாக நியாய சங்கத்தைக் கூட்டி யாக்கோபைக் கல்லெறிந்து கொல்லவைத்தான் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். நியாயப்பிரமாணத்தில் கண்டிப்பானவர்களே அதை எதிர்த்து முறையிட, மூன்றே மாதப் பதவியோடு அவன் நீக்கப்பட்டான். ஆக, யாக்கோபை மதித்த யூதர்கள் சபைக்கு வெளியிலும் இருந்திருக்கிறார்கள் போலும்.

பவுலோ, எருசலேமில் பேதுருவோடு 15 நாள் தங்கியதாகவும் அப்போது யாக்கோபையும் கண்டதாகவும் கலாத்தியருக்குத் தாமே எழுதுகிறார். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. அந்தப் பதினைந்து நாளை நீங்கள் தாராளமாக எழுதலாம்.

பதில் (பேரணாம்பட்டு):
எங்களுடையது தோல் தொழில் செய்யும் குடும்பம் என்பதால், என் கண் நிற்கும் இடம் வேறு. யோப்பாவில் பேதுரு பலநாள் தங்கியது கடலோரத்தில் இருந்த, தோல் பதனிடும் சீமோனின் வீட்டில் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து 50 முழம் தள்ளி இருக்க வேண்டும் என்பது பிற்பாடு தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் விதி. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை மரத்தின்மேல் விரித்து, வளைந்த கத்தியால் சவ்வை வழிக்கும்போது கிளம்பும் நாற்றம், எத்தனை முறை கழுவினாலும் விரலிடுக்கை விட்டுப் போகாது. அப்படிப்பட்ட வீட்டில் தங்கியிருந்த பேதுருதான் அங்கிருந்து புறப்பட்டு, ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியுவின் வீட்டுக்குப் போகிறார். அந்நூலின்படி புறஜாதியாருக்குக் கதவைத் திறந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. பழியைப் பவுல் ஒருவர்மேல் போடுவது எப்படி? தோல் பதனிட உதவும் ஆவாரம் பட்டையை மட்டும் யோப்பாவுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள், அது நம் பக்கத்துச் சரக்கு.

பதில் (ஆற்காடு):
இருவர் சொன்னதையும் ஏற்கிறேன், ஆனால் பவுலுக்கும் யாக்கோபுக்கும் மனக்கசப்பே இல்லை என்று நாவலாசிரியர் பின்வாங்கத் தேவையில்லை. யாக்கோபிடமிருந்து சிலர் வந்தபின் அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உண்பதை நிறுத்தியதையும், தாம் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்ததையும் பவுலே எழுதியிருக்கிறார். அதே பவுல்தான் மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் திரட்டினார். அது ஏற்கப்படுமோ என்ற கவலை ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில் வெளிப்படையாகத் தெரிகிறது. வெறும் வில்லனுக்கு அந்தக் கவலை ஏன்? அவர் எருசலேமுக்கு வந்து யாக்கோபைச் சந்திப்பதை நடபடிகள் 21-ஆம் அதிகாரம் விவரிக்கிறது. பொருத்தனை (நேர்த்திக்கடன்) செய்த நால்வரின் செலவைப் பவுல் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது வரை அதில் இருக்கிறது, ஆனால் கொண்டுவந்த பணத்தை யாக்கோபு வாங்கினாரா என்பது இல்லை. உங்கள் தாயாருக்கு அடுத்து அந்த அத்தியாயத்தை எழுதிக் காட்டுங்கள்.