காட்பாடிப் பக்கம் மிலிட்டரிக்காரர் புல்லட் பட்டறை: பார்த்தவங்க எழுதுங்க

காஸ்ட்_அயர்ன்_350:
இ.எம்.இ.ல (ராணுவத்துல வண்டி, கருவி ரிப்பேர் பார்க்கிற பிரிவு) வெஹிக்கிள் மெக்கானிக்கா இருந்து ஹவில்தாரா ரிடையர் ஆனவர். பழைய இன்ஜின் புல்லட் மட்டும்தான் எடுப்பார், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். மாசக்கணக்கா நின்ன 350 ஒண்ணு வேன்ல வந்து இறங்குச்சு. ஸ்டார்ட் பண்ணா நீலப் புகை, ப்ரீதர் (இன்ஜின் காத்து வெளிய போற குழாய்) வழியா ஆயில் கொட்டுது. போர் போட்டு (சிலிண்டரைக் கடைஞ்சு) பிஸ்டன் மாத்தணும்னு வேற எங்கேயோ எழுதிக் கொடுத்த சீட்டு ஓனர் கையில. இவர் ரெண்டே கேள்வி கேட்டார்: "கடைசியா எப்போ ஓட்டுனீங்க? அதுக்கப்புறம் ஆயில் ஊத்துனீங்களா?" ஊத்தினேன்னார் ஓனர். கிராங்க் கேஸ் (இன்ஜினோட அடிப்பெட்டி) ட்ரெயின் ப்ளக்கைக் கழட்டி, அடியில அளவுக் கோடு போட்ட டப்பாவை வெச்சார். ஒரு லிட்டர் கோட்டைத் தாண்டியும் ஒழுகிட்டே இருந்துச்சு. அந்த டப்பாவை ஓனர் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணுல நிக்குது. போரும் வேண்டாம், பிஸ்டனும் வேண்டாம். வண்டி புகையில்லாமப் போச்சு.

டைமிங்_கவர்:
இதுதான் வெட் சம்ப்பிங். சரியா சொன்னீங்க, ஆனா பாதியில விட்டுட்டீங்க. வண்டி நிக்கும்போது ஃபீட் பம்ப் (இன்ஜினுக்கு ஆயில் அனுப்புற பம்ப்) டிஸ்க் வழியா ஆயில் டேங்குல இருக்கிற ஆயில் மெல்லமா கிராங்க் கேஸுக்கு இறங்கிடும். டிப்ஸ்டிக்ல கம்மியாத் தெரியும். ஆள் மேல ஊத்துவார், அப்போ அளவு கூடிப் போகும். ஸ்டார்ட் பண்ணதும் ரிட்டர்ன் பம்ப் எல்லாத்தையும் டேங்குக்கே தள்ளும், இடம் இல்லாம வெளிய வரும். அதனால நின்ன வண்டியில டிப்ஸ்டிக் பார்க்கவே கூடாது. சில நிமிஷம் ஓட விட்டு, நிறுத்தி, அப்புறம் பாருங்க. திரும்பத் திரும்ப இறங்குச்சுன்னா பம்ப் மூடியைக் கழட்டி டிஸ்க்கை அது உட்கார்ற தளத்தோட சமமா உட்கார வைக்கணும். அவர் சமமான கண்ணாடித் துண்டு மேல மெல்லிசு பேஸ்ட் தடவி எட்டு வடிவத்துல தேய்ப்பார், டிஸ்க் முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் வர்ற வரைக்கும். ஒரு ஓரம் பளபளன்னு நின்னா இன்னும் உட்காரலைன்னு அர்த்தம். பேஸ்ட் துளி மிச்சம் இருந்தாலும் பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்க்கோட சேர்ற பேரிங்) போயிடும், அதனால பெட்ரோல்ல கழுவின பிறகு விரல் விட்டுத் துடைச்சுப் பார்ப்பார்.

சாம்பல்_பச்சை:
அந்தப் பட்டறையில வேலை கத்துக்கிற பையன் ஒருத்தன், டைமிங் கவர் திறந்து கிராங்க் முனையில இருக்கிற வார்ம் நட்டைக் கழட்டப் பார்த்தான். வரலை. உளியும் சுத்தியலும் எடுத்தான். அவர் சத்தமே போடாம வந்து, சுத்தியல் பிடிச்ச மணிக்கட்டைப் பிடிச்சு அப்படியே நிறுத்தி, "இடது மரை தம்பி" ன்னார். அவ்வளவுதான். கடிகாரம் சுத்துற பக்கம் திருப்பினாதான் அது கழலும். பழைய புல்லட் பத்துக்கு அஞ்சுல இந்த நட்டுல உளி வெட்டு இருக்கும், பார்த்திருப்பீங்க. அந்த நட்டு முனை வழியாத்தான் பிக் எண்டுக்கு ஆயில் போகுது. முனை பிசிறா இருந்தா கவர்ல இருக்கிற கார்க் சீல் கிழியும், அழுத்தம் அங்கேயே கசியும், கொஞ்ச நாள்ல கீழ "டொக் டொக்" தான். கவர் திறந்தா கார்க்கை மாத்தாம மூட மாட்டார். விலை ரொம்பக் கம்மி, மாத்தாம விட்டா முழு கிராங்க் செலவு.

ராணிப்பேட்டை_ரைடர்:
எல்லாம் சரி, டேப்பட் (வால்வு இடைவெளி) விஷயத்துல அவரை நான் ஒத்துக்க மாட்டேன். கேப்பே வைக்காம செட் பண்றார். எந்த இன்ஜினா இருந்தாலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற தகடு) போகணும். இல்லைன்னா வால்வு எரியும்.

டைமிங்_கவர்:
தப்பு. இந்த இன்ஜினுக்கு அது பொருந்தாது. பேரலும் ஹெட்டும் சூடேறி விரியும்போது இடைவெளி தானா வந்துடும். குளிர்ந்த இன்ஜின்ல, கம்ப்ரஷன் டி.டி.சி.ல (அழுத்த வீச்சுல பிஸ்டன் உச்சியில நிக்கும்போது), புஷ்ராடை (வால்வை இயக்கத் தள்ளுற கம்பி) ரெண்டு விரலால உருட்டினா சுத்தணும், மேல கீழ ஆட்டினா ஆடக் கூடாது. கம்பெனி சொன்ன முறையே இதுதான். லாக் நட் இறுக்கின பிறகு மறுபடி உருட்டிப் பார்க்கணும், இறுக்கும்போது மாறிடும். சூட்டோட செட் பண்ணாதான் நீங்க சொல்ற மாதிரி வால்வு எரியும்.

முன்னாள்_சிப்பாய்_மகன்:
நான் பார்த்தது சின்ன விஷயம். காலையில கடை திறந்ததும், ரிப்பேருக்கு நிக்கிற ஒவ்வொரு வண்டிக்கும் பெட்ரோல், ஆயில், டயர் காத்து, செயின், கேபிள் பார்த்து நோட்டுல எழுதுறார். ஃபர்ஸ்ட் பரேட் பழக்கம், பட்டாளத்துல வண்டி எடுக்கும் முன்னாடி செய்யறது. சாயங்காலம் லாஸ்ட் பரேட். எவன் எதைக் கழட்டினான்னு நோட்டுல இருக்கும்.

இதைப் படிக்கிற, சர்வீஸ் முடியப் போற யாருக்காவது பயன்படட்டும்னு எழுதறேன். கடை போடணும்னா கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. டி.ஜி.ஆர். (பாதுகாப்பு அமைச்சகத்தோட மறுவாழ்வு இயக்ககம்) நடத்துற மறுவாழ்வுப் பயிற்சிக்கு சர்வீஸ்ல இருக்கும்போதே விண்ணப்பிங்க. ஊருக்கு வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல பதிவு பண்ணுங்க, டிஸ்சார்ஜ் புக்கோட நகல் நாலஞ்சு கையில வெச்சுக்கங்க. தமிழ்நாடு அரசோட முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டம் இருக்கு: 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம். உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) இலவசம், அதுக்குக் காசு கேட்கிற ஏஜென்டை விட்டுத் தள்ளுங்க. திட்ட அறிக்கையில ஷெட் வாடகையை விடக் கருவிக்கு முதல்ல பணம் ஒதுக்குங்க. கிளட்ச் சென்டர் புல்லர், டைமிங் பினியன் புல்லர், டயல் கேஜ், பழைய வண்டிக்கு விட்வொர்த் ஸ்பேனர் செட். இது இல்லாம ஆரம்பிச்சா முதல் மாசமே உளி எடுக்க வேண்டி வரும். சரக்கு நிறைய வாங்கிப் போடாதீங்க: கான்டாக்ட் செட், கண்டென்சர், கிளட்ச் பிளேட், கேபிள், கேஸ்கெட், கார்க் சீல் போதும். பென்ஷன் பணத்தை ஸ்டாக்குல முடக்கிட்டு உட்கார்ந்தவங்களைப் பார்த்துட்டேன். வருஷா வருஷம் ஆயுள் சான்று கொடுக்கறதையும் கடை மும்முரத்துல மறந்துடாதீங்க.

காஸ்ட்_அயர்ன்_350:
அண்ணே, கடன் விவரம் யாரும் கேட்கலை, இருந்தாலும் இருக்கட்டும், யாருக்காவது உதவும். அந்த நோட்டு விஷயம் நிஜம்தான்.

பாயின்ட்_செட்:
இக்னிஷன் டைமிங் பத்தி யாருமே எழுதலையே. கான்டாக்ட் பாயின்ட் (தீப்பொறிக்காகத் திறந்து மூடுற சுவிட்ச்) கேப் 0.35லிருந்து 0.40 மி.மீ., பிஸ்டன் டி.டி.சி.க்கு 0.8 மி.மீ. முன்னாடி பாயின்ட் திறக்கணும், அட்வான்ஸ் (வேகம் கூடும்போது தீப்பொறியை முன்கூட்டியே கொடுக்கிற அமைப்பு) முழுசாப் பின்னாடி இருக்கும்போது. முதல்ல கேப், அப்புறம்தான் டைமிங். மாத்திச் செஞ்சா கேப் வைக்கும்போதே டைமிங் கலைஞ்சிடும். திறக்கிற நொடியைப் பிடிக்க பாயின்ட்டுக்கு நடுவுல சிகரெட் பேப்பர் வெச்சு லேசா இழுத்துக்கிட்டே மெல்ல இன்ஜினைத் திருப்புவார். பேப்பர் நழுவுதுல்ல, அதுதான் இடம்.

கல்லூரிப் பொண்ணு ஒண்ணு அப்பாவோட புல்லட்டை உதைக்க முடியலைன்னு கொண்டு வந்துச்சு. அவர் உதைச்சுக் காட்டலை. "ஆம்மீட்டரைப் பாரும்மா, காலைப் பார்க்காதே" ன்னார். ஆம்மீட்டர்னா கரண்ட் காட்டுற முள். லைட் ஆஃப், சாவி ஆன், கிக்கரை மெல்ல அழுத்தணும். முள் மைனஸ் பக்கம் போய் நிக்கும், அழுத்தம் கூடும்போது நடுவுக்குத் திரும்பும். அங்க நிறுத்தி, டிகம்ப்ரெசர் லிவரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளிய விடுறது) பிடிச்சு ஒரு துளி தாண்டி, லிவரை விட்டுட்டு, கிக்கரை மேல வர விட்டு, முழுசா ஒரே உதை. அந்தப் பொண்ணு ரெண்டாவது உதையில ஸ்டார்ட் பண்ணுச்சு.

ராணிப்பேட்டை_ரைடர்:
என் வண்டியில முள் மைனஸ்லயே நிக்குது, நடுவுக்கு வரவே மாட்டேங்குது. என்ன பண்றது?

பாயின்ட்_செட்:
அப்போ பாயின்ட் திறக்கவே இல்லை. கேம்ல உரசுற ஃபைபர் ஹீல் தேய்ஞ்சு கேப் மூடியிருக்கும், இல்லை பாயின்ட்டுக்கு வர்ற ஒயர் பாடியில ஷார்ட் ஆகியிருக்கும். முதல்ல ஹீலைப் பாருங்க, தேய்மானம் அதிகம்னா கேப் வெச்சு ஓட்டாதீங்க, செட்டையே மாத்துங்க. போடும்போது கேம்ல கடுகளவு க்ரீஸ் தடவுங்க. முள் அசையவே இல்லைன்னா மட்டும் வேற கதை: பேட்டரி, ஃபியூஸ், இல்லை பாயின்ட் முகத்துல அழுக்கு.