புதுப்பிப்பு: வெயிலில் நீர்வண்ணம் உடனே காய்ந்தது, இப்போது சரியாகிவிட்டது

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பழைய கலங்கரை விளக்கத்தை வரையும்போது, வானத்தைப் பூசி முடிப்பதற்குள் வண்ணம் காய்ந்து திட்டுத்திட்டாகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில், வண்ணம் மெதுவாகக் காய கிளிசரினை முயன்றேன். தண்ணீரில் நாலு சொட்டு விட்டேன். ஈரம் நின்றது, ஆனால் மறுநாளும் வண்ணம் பிசுபிசுத்து, வரைபுத்தகத்தின் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும், கடலோரத்தில் வேண்டாம்.

பலித்தது, தாளை இருபுறமும் நனைக்கச் சொன்னவரின் யோசனைதான். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த பருத்தித் தாளை நன்றாக நனைத்து, வழவழப்பான அக்ரிலிக் பலகையில் படிய வைத்தேன். காலை ஏழு மணி வெயிலில் 20 நிமிடம் ஈரம் தாங்கியது. வானம் ஒரே வீச்சில் வந்தது, அவ்வளவு சந்தோஷம்! எதிர்பாராதது: தாள் பலகையோடு ஒட்டியே நின்றது, கிளிப்கூடத் தேவைப்படவில்லை.