பாம்பனில் வாடகைக்கு விட முதல் வீடு வாங்கலாமா?

கேள்வி (பாம்பன்): சேமிப்புடன் வங்கிக் கடனும் சேர்த்து, இங்கே ஒரு பழைய கான்கிரீட் வீட்டை வாங்கி வாடகைக்கு விட எண்ணுகிறேன். முன் அனுபவம் இல்லை. முன்பணம் கொடுப்பதற்குள் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ள பெரியவர்கள் சொல்லுங்கள்.

பதில் (மண்டபம்): தம்பி, முதலில் கூரையின் அடிப்புறத்தை அண்ணாந்து பாருங்கள். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பி துருப்பிடித்தால், அந்தத் துரு பருத்துப் பூச்சையே பெயர்த்துத் தள்ளிவிடும். புதிதாக வெள்ளையடித்திருந்ததை நம்பி வாங்கிய நான், முதல் இரண்டு ஆண்டு வாடகையைக் கூரைக்கே செலவிட்டேன். சுத்தியலால் மெல்லத் தட்டும்போது பொள்ளலாக ஒலிக்கும் இடம் பழுதானது. கிணற்று நீரையும் வாயில் விட்டுப் பாருங்கள், ஏனெனில் குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்க வேண்டிய வீட்டில் குடும்பங்கள் நிலைப்பதில்லை.

பதில் (இராமநாதபுரம்): வில்லங்கச் சான்று, பட்டா இரண்டையும் சரிபார்த்தபின், மனை கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்றும் விசாரியுங்கள், உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏற்றத்தின்போது கரையில் எட்டும் உச்ச எல்லை) 500 மீட்டர் வரை கட்டுமானக் கட்டுப்பாடுகள் உண்டு. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும்.

பதில் (கீழக்கரை): வருமான வரியில், செலுத்திய சொத்துவரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு கிடைக்கும். மண்டபத்து அண்ணன் சொன்ன கூரைச் செலவுக்கு அத்தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள்.