ஓவியத்தின் முன் நின்றபோது: உங்கள் அனுபவங்கள்

கல்தூண்:
ரோம் நகரின் சான் லூயிஜி தேய் பிரான்செசி ஆலயத்தில் உள்ள, வரி வசூலிப்பவரான மத்தேயுவை இயேசு தம் சீடராக அழைக்கும் காட்சியைக் காட்டும், இத்தாலிய ஓவியர் கராவாஜியோவின் ‘மத்தேயுவின் அழைப்பு’ ஓவியத்தை இங்குள்ள பலரும் அறிவீர்கள் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். என்னை இன்றுவரை உறுத்துவது அதிலுள்ள ஒரு விரல். மேசை நடுவே அமர்ந்திருக்கும் தாடிக்காரர்தான் மத்தேயு என்றும், “நானா?” என்று அவர் தம்மையே சுட்டிக் கேட்கிறார் என்றும் எங்கள் வழிகாட்டி ஐயத்துக்கே இடமின்றிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். காசு போட்டால் எரியும் விளக்கின் வெளிச்சத்தில் நான் பார்த்தபோதோ, அந்த விரல் அவருடைய மார்பைக் கடந்து, மேசைக் கோடியில் தலை கவிழ்ந்து காசு எண்ணும் இளைஞனை நோக்குவதாகவே பட்டது. “இவனையா?” என்பதுதான் கேள்வி என்றால் படம் முழுவதும் வேறாகிவிடுகிறது: அழைப்பு வந்துவிட்டது, அழைக்கப்பட்டவன் இன்னும் நிமிரவில்லை. அதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. வேறு யாருக்கேனும் இப்படித் தோன்றியதா?

மரகதப்புறா:
தோன்றியதுண்டு, ஆனாலும் அந்த வாசிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆலயத்துக்குள் இவ்வோவியம் இருக்கும் அதே சிற்றாலயத்தின் எதிர்ச் சுவரில், மத்தேயு விசுவாசத்துக்காகக் கொல்லப்படுவதைக் காட்டும் மறைசாட்சி ஓவியத்திலும், பீடத்தின் மேல் வானதூதரோடு உள்ள ஓவியத்திலும் மத்தேயு தாடியுடன்தான் இருக்கிறார். பக்கச் சுவர்களின் இரு படங்களையும் 1599-1600இல் சேர்த்தே தீட்டிய ஒருவர், ஒரே புனிதருக்கு இரு வேறு முகங்களைக் கொடுத்திருப்பாரா? தாடிக்காரரின் வலக்கை காசுகளின் அருகிலேயே இருப்பதையும் கவனியுங்கள். அவர் வரி செலுத்த வந்தவர் என்று இளைஞனே மத்தேயு என்னும் கட்சியினர் அதற்கும் விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது வலிந்து சொல்வதாகவே படுகிறது.

என்னை அங்கே நிறுத்தி வைத்தது இயேசுவின் கை. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில், கடவுள் ஆதாமை நோக்கிக் கைநீட்டும் படைப்புக் காட்சியில் மைக்கலாஞ்சலோ தீட்டிய ஆதாமின் தளர்ந்த கையை இடவலம் மாற்றி வைத்தது போன்ற கை அது. அழைப்பவருக்குப் படைத்தவரின் கையைக் கொடுக்காமல் படைக்கப்பட்டவனின் கையைக் கொடுத்தது ஏன் என்று குழம்பி நின்றபோது, பவுலின் நிருபத்தில் கிறிஸ்துவைக் குறித்து வரும் “பிந்தின ஆதாம்” நினைவுக்கு வந்து உடல் சிலிர்த்தது.

தெற்குச்சாளரம்:
லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இரு அரசுத் தூதர்களைக் காட்டும், ஓவியர் ஹோல்பைனின் ‘தூதர்கள்’ (1533) ஓவியத்தின் முன்னால் நேரே நின்றபோது, கீழே சாய்ந்து கிடக்கும் அந்தச் சாம்பல்நிறக் கறை எனக்கு எதுவாகவும் தெரியவில்லை. வலப்புறச் சுவரை ஒட்டிப் போய்த் திரும்பிப் பார்த்த கணத்தில் அது மண்டை ஓடாகத் திரண்டு எழுந்தது. தூதர்கள் இருவரும் நெளிந்து மங்கிப்போனார்கள். என் அனுபவம் அவ்வளவுதான்.

அதனால்தான் மேலே எழுதிய இருவருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். தாடி, விரல், காசு என்று தேடுவதற்கு முன் நீங்கள் நின்ற இடத்தை நினைத்துப் பாருங்கள். மத்தேயுவின் அழைப்பு இடப்பக்கச் சுவரில் இருக்கிறது. பார்வையாளர்களோ சிற்றாலயத்தின் வாயிலில் தடுப்புக்கு வெளியே நிற்கிறோம். ஆகவே படத்தைச் சாய்வாகத்தான் பார்க்கிறோம். நமக்கு மிக அருகில் இருப்பது இளைஞன், தொலைவில் பீடத்தை ஒட்டி இருப்பவர் இயேசு. படத்துக்குள் விழும் ஒளியும் பீடத்தின் பக்கமிருந்தே வருகிறது. பீடத்துக்கு மேல் உண்மையான சாளரம் இருப்பதும் அதே திசையில்தான். நேர் எதிரே எடுத்த நிழற்படத்தை வைத்து விரலின் கோணத்தைப் பற்றி வாதிடுவதில் பயனில்லை.

குறியீட்டு அகராதிகளையும் முதலில் திறக்காதீர்கள். ஹோல்பைனின் படத்தில் லூட் கருவியின் ஒரு தந்தி அறுந்திருப்பதைப் பிணக்கின் அடையாளம் என்று அகராதி சொல்லிவிடும். அருகிலேயே கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த லூத்தர் வழியினரின் பாடல் புத்தகம் விரிந்து கிடப்பதையும், இடப்பக்க மேல்மூலையில் பச்சைத் திரைக்குப் பின்னால் சிலுவை பாதி மறைந்திருப்பதையும் கண்ணால் கண்ட பிறகே அது எந்தப் பிணக்கு என்று விளங்கும். கூடங்களில் பீட ஓவியங்களைப் பார்க்கும்போது, இயன்றால் முழந்தாளிட்டோ குனிந்தோ பாருங்கள். அவற்றில் பல, கீழே மண்டியிட்டு மேல்நோக்கிய கண்களுக்காகத் தீட்டப்பட்டவை.