செயின்ட் தாமஸ், சின்ட் மார்டன்: அம்மாவையும் ஆறு வயசுப் பையனையும் எந்த பீச்சுக்குக் கூட்டிப் போகலாம்?

மகிழம்பூ:

வணக்கம். டிசம்பர் கடைசி வாரம் மயாமியிலிருந்து கிளம்பும் க்ரூஸில் டிக்கெட் போட்டிருக்கிறோம். கிழக்கு கரீபியன் பக்கம். செயின்ட் தாமஸில் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை, சின்ட் மார்டனில் ஒன்பது முதல் ஐந்து வரை கப்பல் நிற்கும். கப்பல் கம்பெனியின் தனித்தீவு ஒன்றும் இருக்கிறது.

நாங்கள் நாலு பேர். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. சமதரையில் மெதுவாக நடப்பார், மணலில் தடுமாறுவார், வெயிலில் உட்கார்ந்தால் தலைவலி வந்துவிடும். பையனுக்கு ஆறு வயது, நீச்சல் தெரியாது, ஆனால் தண்ணீரைக் கண்டால் ஓடிவிடுவான். வீட்டுக்காரருக்கு ஸ்நார்கெலிங் (மாஸ்க், மூச்சுக்குழாய் போட்டு மிதந்தபடி கடலுக்கடியில் பார்ப்பது) ஆசை. எனக்கு எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தால் போதும்.

"சிறந்த பீச்" என்று எத்தனையோ பட்டியல் பார்த்துவிட்டேன், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. சின்ட் மார்டனில் தலைக்கு மேல் விமானம் பறக்கும் மாஹோ பீச் வீடியோவைப் பையன் பார்த்துவிட்டு, அங்கேதான் போகணும் என்று அடம்பிடிக்கிறான். கப்பலிலேயே டூர் எடுக்கணுமா, நாமே டாக்ஸி பிடிக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

உப்புக்காற்று:

வாங்க சகோதரி. அந்தப் பட்டியல்களை மூடி வச்சிடுங்க. படத்தில் அழகா விழுற பீச்சைத்தான் அதில் போடுவாங்க. நீச்சல் தெரியாத குழந்தை கூட வருதுன்னா நான் முதல்ல பார்க்கிறது கரை எப்படி இறங்குது, அலை எந்தப் பக்கத்திலிருந்து வருதுங்கிறதைத்தான்.

கரீபியனில் வருஷம் முழுக்கக் கிழக்கிலிருந்துதான் காற்று. அதனால் பொதுவா தீவோட கிழக்குக் கரையில் அலை மோதும், மேற்குக் கரை அடங்கிக் கிடக்கும். மெக்சிகோவோட கோசுமெல் தீவுக்குப் போனவங்களுக்கு இது தெரியும்: மேற்கே குளம் மாதிரி இருக்கும், கிழக்கே காலை நனைக்கவே யோசிக்கணும். பார்படோஸில் கப்பல் நிற்கிற பக்கம் கார்லைல் பேயில் ஆமையோட நீந்தலாம். அதே தீவோட கிழக்கே பத்ஷெபாவில் அலைச்சறுக்குக்காரங்கதான் இறங்குவாங்க. எந்தத் தீவு வந்தாலும் மேப்பைத் திறந்து பீச் எந்தத் திசையைப் பார்க்குதுன்னு பாருங்க, பாதி பதில் அங்கேயே கிடைச்சிடும். இன்னொண்ணு, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பெரிய அலைகள் வரும். நீங்க போறது அந்தச் சமயம்.

செயின்ட் தாமஸில் கண்ணை மூடிக்கிட்டு மேகன்ஸ் பே போங்க. வடக்குக் கரைதான், ஆனா ரெண்டு பக்கமும் குன்று நீண்டு, விரிகுடா நல்லா உள்ளே வாங்கியிருக்கு. அதனால் பெரும்பாலும் அமைதியாவே இருக்கும். சுமார் ஒரு மைல் நீள மணல், தரை மெல்ல மெல்லத்தான் இறங்கும், பையன் இடுப்பளவு தண்ணீரில் விளையாடலாம். லைஃப்கார்டு உண்டு. எனக்கு அது ஒண்ணே போதும், மத்த பீச்சையெல்லாம் தள்ளிட. மரநிழல், கழிப்பறை, ஷவர், சாப்பாட்டுக் கடை, வாடகை நாற்காலி எல்லாம் பக்கத்திலேயே இருக்கு, அம்மா மணலில் ரொம்ப தூரம் நடக்க வேண்டாம். வெளியாட்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. ஆர்தர் ஃபேர்சைல்டுன்னு ஒரு செல்வந்தர் 1946ல் இந்த இடத்தை மக்களுக்குன்னு எழுதிக் கொடுத்தார். அதனால்தான் இன்னிக்கும் ஹோட்டல் எதுவும் மறைக்காம முழுக் கரையும் திறந்து கிடக்கு.

டாக்ஸிக்குக் கப்பல் டூர் தேவையே இல்லை. ஹேவன்சைட், கிரவுன் பே ரெண்டு துறையிலும் வரிசையா நிற்கும். கட்டணம் அரசே நிர்ணயிச்சது, வண்டிக்கு இல்லை, ஆளுக்கு இவ்வளவுன்னு டாலரில். ஆனா பக்கம் திறந்த பெரிய "சஃபாரி" வண்டிகள் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். அதில் ஏறுற படியும் உயரம், அம்மாவுக்கு மூடிய வேனா கேட்டு ஏத்துங்க. மலைப்பாதை வளைஞ்சு வளைஞ்சு போகும், வாந்தி வர்றவங்க முன்னாடி உட்காரட்டும். திரும்ப மூணு மணிக்கே கிளம்பிடுங்க. நாலு மணிக்கு எல்லாக் கப்பல்காரங்களும் ஒரே நேரத்தில் டாக்ஸிக்கு நிற்பாங்க.

தனித்தீவுக்கு யோசிக்கவே வேண்டாம், இறங்கினதும் பீச்தான். மணலில் ஓடுற அகலச் சக்கர நாற்காலி பல தீவுகளில் வச்சிருப்பாங்க, அம்மாவுக்குக் கிடைக்குமான்னு கப்பலில் ஏறின அன்னைக்கே கேட்டுடுங்க.

---

பவளத்தேடி:

உப்புக்காற்று சொன்னது அம்மாவுக்கும் குழந்தைக்கும் சரி. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் மேகன்ஸில் மாஸ்க் போட்டு இறங்கினால் மணலைத்தான் பார்ப்பார். ஸ்நார்கெலிங் வேண்டுமென்றால் கிழக்கு முனைப் பக்கம் இருக்கும் கோக்கி பீச். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனதுமே காலைச் சுற்றி மீன். பக்கத்திலேயே கோரல் வேர்ல்ட் என்ற கடல் பூங்கா. குழந்தையும் பாட்டியும் அங்கே ஆமை, சுறா பார்க்கட்டும், அவர் கடலில் பார்க்கட்டும். ஆனால் கோக்கி சின்ன பீச், கப்பல் நாட்களில் நெரிசல், வியாபாரிகள் அதிகம். குடும்பமே கடலில் இறங்க நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பக்கத்துத் தீவான செயின்ட் ஜானில் ட்ரங்க் பே இன்னும் அழகு, தண்ணீருக்கடியில் பலகை வைத்த ஸ்நார்கெல் பாதையே உண்டு. ஆனால் டாக்ஸி, ஃபெரி, மறுபடி டாக்ஸி என்று ஏறி இறங்கணும். அந்த முழங்காலோடு வேண்டாம்.

சன்ஸ்கிரீன் விஷயம் முக்கியம்: செயின்ட் தாமஸ் அடங்கிய அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட், ஆக்டோகிரைலீன் கலந்தவை 2020 முதல் தடை. பவளத்தைக் கொல்லும் சரக்கு அது, தயவுசெய்து பையில்கூட வைக்காதீர்கள். ஜிங்க் ஆக்ஸைடு மட்டும் உள்ளதாக வாங்குங்கள். பையனுக்கு முழுக்கை நீச்சல் சட்டை போட்டுவிட்டால் பூசும் வேலையே பாதி குறையும்.

---

மகிழம்பூ:

ரொம்ப நன்றி இரண்டு பேருக்கும். மேகன்ஸ் என்று முடிவு செய்துவிட்டோம், அவர் தனித்தீவில் ஸ்நார்கெலிங் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சின்ட் மார்டனுக்கு என்ன செய்ய? கடல்பாசி குவிந்து நாறும் என்றும் படித்தேன். மாஹோ பற்றியும் சொல்லுங்கள் அண்ணா, பையன் தினமும் கேட்கிறான்.

---

உப்புக்காற்று:

பாசியை நினைச்சு இப்போ கவலைப்படாதீங்க. சர்காசம்னு சொல்ற அந்த மிதக்கும் பாசி கூட்டம் கூட்டமா வர ஆரம்பிச்சது 2011லிருந்து, வசந்தத்திலும் கோடையிலும்தான் உச்சம். டிசம்பரில் பொதுவா குறைவு. வந்தாலும் காற்று அடிக்கிற கிழக்குக் கரையில்தான் அதிகம் ஒதுங்கும். இந்தத் தீவில் பாதி டச்சு, பாதி பிரெஞ்சு. பிரெஞ்சுப் பக்கம் லெ காலியோன்னு ஆழமில்லாத நல்ல குழந்தை பீச் இருக்கு, ஆனா அது கிழக்கே. கப்பல்விட்டு இறங்கினதும் டாக்ஸிக்காரரிடம் இன்னிக்கு அங்கே எப்படின்னு கேளுங்க, அவங்களுக்குத் தெரியும்.

என் தேர்வு, டச்சுப் பக்கத் தலைநகரான பிலிப்ஸ்பர்க்கில் இருக்கிற கிரேட் பே. கப்பல் நிற்கிற அதே விரிகுடா, தெற்கே பார்த்தது. துறையிலிருந்து வாட்டர் டாக்ஸி ஓடும், ஆனா படகில் ஏறி இறங்க அம்மாவுக்குச் சிரமம், சாலை டாக்ஸியே நல்லது. கரையோரமா நடைபாதை நீளத்துக்குப் போகும், அம்மா மணலில் கால் வைக்காமலே குடைக்கடியில் போய் உட்காரலாம். களைச்சா பத்து நிமிஷத்தில் கப்பல்.

மாஹோவில் பையனைக் குளிக்க விடாதீங்க. குறுகின கரை, சட்டுனு ஆழமாகும், நிழல் இல்லை. ஓடுபாதை வேலிக்கு அந்தப்பக்கம் விமானம் கிளம்புறப்ப வர்ற காற்று ஆளைத் தூக்கி எறியும். 2017ல் ஒரு சுற்றுலாப் பயணி அதில் அடிபட்டு இறந்தே போனாங்க. வேலியைப் பிடிச்சுத் தொங்கறதை வீடியோவில் பார்த்திருப்பான், அது கிட்டவே வேண்டாம். ஓரத்திலிருக்கிற உணவகத்தில் உட்கார்ந்து, இறங்குற விமானம் ரெண்டு மூணு பார்த்துட்டு வாங்க. அதுக்கு மேல ஆசைப்படாதீங்க, ஏன்னா திரும்புற சாலை சிம்ப்சன் பே வழி. படகு போகப் பாலத்தைத் தூக்கினா வண்டியெல்லாம் அப்படியே நிற்கும். காலையில் மாஹோ, அப்புறம் கிரேட் பேன்னு வச்சா கடைசி நேரப் பதற்றம் இல்லை.

இன்னொரு விஷயம், பையனிடம் முன்கூட்டியே சொல்லி வைங்க: பீச்சில் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி கீழே கிடந்தா தொடக்கூடாது. மான்சினீல் மரம், பால் பட்டாலே கொப்புளம். மழைக்குக்கூட அதுக்கடியில் ஒதுங்கக்கூடாது. சில இடங்களில் மரத்தில் சிவப்புப் பட்டை அடிச்சிருப்பாங்க, எல்லா இடத்திலும் இருக்காது.

---

நங்கூரம்:

நேர விஷயத்தை யாரும் சொல்லவில்லை. டிசம்பரில் இந்த இரண்டு தீவுகளும் மயாமியைவிட ஒரு மணி நேரம் முன்னால். சில கப்பல்கள் கடிகாரத்தை மாற்றும், சில மாற்றாது. மாற்றாத கப்பலென்றால் உங்கள் போன் ஐந்து காட்டும்போது கப்பலில் நாலுதான், சீக்கிரம் வந்துவிடுவீர்கள், ஆபத்தில்லை. கோடையில் கோசுமெல் போகிறவர்களுக்குத்தான் தலைகீழ்: போன் மூன்று காட்டும், கப்பல் நாலில் இருக்கும். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்து, இறங்கும்போது கட்டிக்கொள்ளுங்கள்.