பிளேட் ரன்னரை மறுபடி பார்க்கும்போது: பதிப்பு, வெளிச்சம், சத்தம்

1982 ஜூன் 25 அன்று வெளியான படம். இப்போது எடுத்துப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, "நான் அன்றைக்குப் பார்த்தது இதுதானா?" என்பது. ஞாபகத்தைக் குறை சொல்ல வேண்டாம். ஒரே படம் பல வெட்டுகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது, கைக்குக் கிடைப்பது எது என்று தெரிந்துகொள்ளாமல் உட்கார்ந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஓட்ட நேரத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். அமெரிக்கத் திரையரங்கப் பதிப்பு, வெளிநாட்டுப் பதிப்பு, 1992-இல் வந்த இயக்குநர் பதிப்பு, 2007-இல் வந்த இறுதிப் பதிப்பு எல்லாமே 117 நிமிடத்தை ஒட்டித்தான் ஓடும். அட்டையில் போட்டிருப்பதையும் முழுசாக நம்ப முடியாது. காட்சிகளைத்தான் பார்க்க வேண்டும்.

டெக்கார்ட் (ஹாரிசன் ஃபோர்ட் நடிக்கும் நாயகன், தப்பித்த செயற்கை மனிதர்களைத் தேடிக் கொல்கிற வேலை அவனுக்கு) செய்தித்தாளோடு உட்கார்ந்து நூடுல்ஸ் கடையில் இடம் கிடைக்கக் காத்திருக்கும் இடம்தான் முதல் சோதனை. அங்கே ஃபோர்டின் பின்னணிக் குரல் கதை சொல்ல ஆரம்பித்தால் அது 1982 பதிப்பு. அதிலும் இரண்டு உண்டு. தப்பித்தவர்களின் தலைவன் ராய் பேட்டி, அவர்களை உருவாக்கிய கம்பெனி முதலாளி டைரலைக் கொல்லும்போது கண்களில் கட்டைவிரல் அழுந்தி ரத்தம் வருவதைக் காட்டினால் வெளிநாட்டுப் பதிப்பு, காட்டாமல் நகர்ந்தால் அமெரிக்கப் பதிப்பு. குரலே இல்லை, பியானோ அருகில் டெக்கார்டுக்கு ஒற்றைக்கொம்புக் குதிரை தெரிகிறது என்றால் 1992 அல்லது 2007. அந்த இரண்டையும் பிரிக்க டெக்கார்டின் மேலதிகாரி பிரையன்ட் பேசும் வசனம் போதும். தப்பித்த ஆறு ரெப்ளிகண்ட்களில் (செயற்கை மனிதர்களுக்குப் படத்தில் உள்ள பெயர்) மின்வேலியில் கருகியது ஒன்று என்றால் 1992, இரண்டு என்றால் 2007.

இந்த ஒன்று, இரண்டு விஷயம் சின்னதல்ல. ஆறில் ஒன்று போனால் மீதி ஐந்து. ஆனால் திரையில் தேடப்படுவது லியோன், ஸோரா, பிரிஸ், ராய் என்று நான்கே பேர். திரைக்கதையில் மேரி என்று இன்னொரு பெண் ரெப்ளிகண்ட் இருந்தாள். அவளை எடுத்துவிட்டார்கள், வசனத்தை மட்டும் திருத்த மறந்தார்கள். 25 வருஷம் ரசிகர்கள் "அந்த ஐந்தாவது ஆள் டெக்கார்ட்தான்" என்று வாதிட்டதற்கு இந்தக் கணக்குப் பிசகும் ஒரு காரணம்.

முதல்முறை பார்க்கிறவருக்கு 2007 பதிப்பைத்தான் கொடுக்க வேண்டும். இயக்குநர் ரிட்லி ஸ்காட் முழுக் கட்டுப்பாட்டில் செய்தது அது ஒன்றே. 1992 பதிப்பு அவர் பெயரைச் சொல்லி அவசரத்தில் தயாரானது, அதில் அவருக்கே திருப்தி இல்லை.

*

மேலே சொன்னதோடு ஒரு சேர்க்கை. 2007 பதிப்பில் சரிசெய்த பிழைகளைத் தெரிந்துகொண்டு பழையதை ஒருமுறை பார்ப்பது நல்ல பயிற்சி. எடிட்டிங் கற்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஸோரா கண்ணாடிச் சுவர்களை உடைத்துக்கொண்டு ஓடும் காட்சியில் பழைய பதிப்பில் டூப் நடிகையின் முகம் பளிச்சென்று தெரியும், தலையில் இருப்பது விக் என்பதும் தெரியும். கண்ணாடி உடையும் ஷாட் மெதுவோட்டத்தில் வருவதால் மறைக்க வழியே இல்லாமல் போனது. 2007-க்காக ஸோராவாக நடித்த ஜோயன்னா கேசிடியை மறுபடி அழைத்து, அதே தலை அசைவுகளைச் செய்யவைத்துப் படம்பிடித்து, டூப் உடம்பின் மேல் அவர் முகத்தை ஒட்டினார்கள்.

பாம்பு வியாபாரியிடம் டெக்கார்ட் பேசும் காட்சியில் உதடு ஒன்று சொல்லும், காதில் வேறொன்று விழும். காட்சி எடுத்து முடித்த பிறகு வசனம் மாறியதுதான் காரணம். சரிசெய்ய ஃபோர்டின் மகன் பென் ஃபோர்டை உட்காரவைத்து, அவர் வாயசைவை எடுத்து அப்பாவின் முகத்தில் பொருத்தினார்கள். தாடை அமைப்பு ஒத்துப்போனதால் ஒட்டு தெரியவில்லை.

ராய் பேட்டி முதலில் தோன்றும் தொலைபேசிக் கூண்டு ஷாட்டில், பழைய பதிப்பில் அவர் தோளில் யாருடைய விரலோ இருக்கும். அது டைரலுடைய கை. பின்னால் வரும் காட்சியிலிருந்து எடுத்து முன்னால் செருகிய ஷாட் அது. பறக்கும் கார் தெருவிலிருந்து எழும்பும்போது தொங்கவிட்ட கம்பிகளும் பழையதில் தெரியும்.

புறா ஷாட்தான் எல்லாவற்றிலும் மோசம். கொட்டும் மழையில், நள்ளிரவில் பேட்டி இறக்கிறார், கையிலிருந்து புறா பறக்கிறது, அடுத்த ஷாட்டில் வானம் நீலமாக வெளுத்திருக்கிறது. வேறு இடத்தில், பகல் வெளிச்சத்தில் தனியாக எடுத்துச் சேர்த்த துண்டு என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். 2007-இல் அந்த வானத்தை இருட்டாக்கிவிட்டார்கள்.

1982 பதிப்பின் முடிவில் காரிலிருந்து தெரியும் மலைகளும் காடுகளும் இந்தப் படத்துக்காக எடுத்தவை அல்ல. இயக்குநர் குப்ரிக் தன் 'தி ஷைனிங்' படத்துக்காக ஹெலிகாப்டரில் எடுத்து, பயன்படுத்தாமல் விட்ட நெகட்டிவ். நகரம் முழுக்கப் புகையும் மழையும் காட்டிவிட்டுக் கடைசி ஒரு நிமிடத்தில் இவ்வளவு பச்சையா என்ற கேள்விக்குப் பதில் அதுதான்.

*

பதிப்பு சரியாக இருந்தும் படம் கெட்டுப்போவது பெரும்பாலும் டிவி அமைப்பால். இந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் ஜோர்டன் க்ரோனன்வெத் இருட்டை நம்பி வேலை செய்தவர். விளக்கு பெரும்பாலும் பின்னாலிருந்து வரும், முகத்தில் பாதி கருப்பாகவே இருக்கும். டிவி அந்தக் கருப்பை வெளுத்தாலும் சரி, விழுங்கினாலும் சரி, படம் போய்விடும்.

முதலில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கும், பட அமைப்பு மெனுவில் அசைவு சம்பந்தமான எல்லாவற்றையும் பூஜ்யமாக்கினால் போதும். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்துக்கு நடுவில் டிவி தானாகப் பிரேம் செய்து திணிக்கும்போது, மழைத்துளிகளைச் சுற்றி ஒரு கலங்கல் வரும். மழை இல்லாத வெளிக்காட்சியே அபூர்வமான படத்தில் இது பெரிய சேதம்.

அடுத்தது கருப்பு அளவு. கருப்பு எங்கே தொடங்கி வெள்ளை எங்கே முடிகிறது என்ற வரம்பு பிளேயரில் ஒன்றாகவும் டிவியில் இன்னொன்றாகவும் இருந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். கருப்பு சாம்பலாகத் தெரியும், அல்லது நிழலில் உள்ள விவரம் மொத்தமாக மறையும். பார்க்க வேண்டிய இடம் டெக்கார்டின் வீடு. சுவரில் சதுரச் சதுரமாகப் பூவேலைக் கற்கள் இருக்கும் (கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1924-இல் கட்டிய என்னிஸ் இல்லத்துக் கற்களின் வார்ப்பு அவை). இருட்டிலும் அந்தக் கற்களின் மேடு பள்ளம் லேசாகத் தெரிய வேண்டும். தட்டையாகக் கருப்பாக இருந்தால் வரம்பை மாற்றுங்கள். அறை வெளிச்சத்துக்குத் தக்கபடி திரையைக் கூட்டிக் குறைக்கும் தானியங்கியையும், மின்சாரச் சிக்கன முறையையும் அணைத்துவிட வேண்டும். இரண்டும் இருட்டுக் காட்சி வந்தவுடன் தலையிடும்.

சப்டைட்டில் வெள்ளையாக இருந்தால் மங்கலான சாம்பலுக்கு மாற்றுங்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணை அந்த ஒரு வெள்ளை வரி மறுபடி மறுபடி கூசவைத்துவிடும்.

இணையவழியில் பார்ப்பதா வட்டில் பார்ப்பதா என்று கேட்டால், இந்தப் படத்துக்கு வட்டுதான். புகை, மழை, ஃபிலிம் மணி (ஃபிலிமில் தெரியும் பொடிப் புள்ளிகள்) மூன்றும் தரவைச் சுருக்கும் மென்பொருளுக்குப் பரம எதிரிகள். ஒவ்வொரு பிரேமிலும் எல்லாமே மாறிக்கொண்டிருப்பதால் சுருக்க வழி கிடைக்காது. இணைய வேகம் குறையும்போது புகைக்குள் வரும் ஒளிக்கற்றைகள் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும்.

*

சத்தத்தைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. படத்தின் இசையமைப்பாளர் வான்கெலிஸின் இசையில் முக்கியமான வாத்தியம் யமஹா சிஎஸ்-80 என்ற சின்தசைசர். விசையை அழுத்திய பிறகும் விரலின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக வளர்க்கலாம், அதனால்தான் அந்த இசை யாரோ மூச்சுவிடுவதுபோல எழுந்து அடங்குகிறது. இரவு முறை, ஒலியளவு சமப்படுத்தல் போன்றவை போட்டிருந்தால் இந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும்.

பழைய பால் (PAL என்ற டிவி ஒளிபரப்பு முறை) டிவிடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 24 பிரேமை 25 ஆக ஓட்டுவதால் 117 நிமிடப் படம் 112 நிமிடத்துச் சொச்சத்தில் முடியும். ஒலியைத் தனியாகத் திருத்தாத வட்டில் சுருதியும் சுமார் 4 சதவீதம் ஏறும். அதிகாரபூர்வ இசைத்தட்டு 1994-இல்தான் வந்தது, அதிலும் இசைக்கு மேல் வசனத் துண்டுகளைப் போட்டிருக்கிறார்கள். இசையை அது இருக்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டுமானால் படத்தில்தான் கேட்க வேண்டும்.

*

தொடக்கத்தில் வரும் நெருப்புக் கோபுர நகரம் எப்படி எடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னும் பிடிக்கும். கம்ப்யூட்டர் வரைகலை இல்லை. டக்ளஸ் ட்ரம்புல், ரிச்சர்ட் யூரிசிச், டேவிட் ட்ரையர் குழு செய்த மேசை மாதிரி அது. அமிலத்தில் அரித்து எடுத்த பித்தளைத் தகடுகளை வரிசை வரிசையாக நிறுத்தி, பின்னால் போகப் போகச் சிறிதாக்கி, சில அடி ஆழத்தைப் பல மைல் போலக் காட்டினார்கள். விளக்குகள் எல்லாம் ஒளியிழைகள்.

தூரம் என்ற உணர்வு வருவது புகையால்தான். தொலைவில் உள்ளது மங்கலாகத் தெரியும் என்பது கண்ணுக்குப் பழக்கம், அதனால் படப்பிடிப்பு அறை முழுக்கப் புகை நிரப்பினார்கள். இங்கேதான் சிக்கல். ஒரே ஃபிலிமில் மாதிரியின் உருவத்துக்கு ஒரு தடவை, விளக்குகளுக்கு ஒரு தடவை, நெருப்புக்கு ஒரு தடவை என்று கேமரா அதே பாதையில் பலமுறை ஓட வேண்டும். முதல் ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் புகை கொஞ்சம் கலைந்தாலும் அடுக்குகள் ஒட்டாமல் தனித்தனியாகத் தெரியும். கேமரா ஓட்டத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது, புகையின் அடர்த்தியை மாறாமல் வைக்கத் தனியாக ஏற்பாடு வேண்டியிருந்தது. தந்திரக் காட்சிகளுக்கு மட்டும் 65 மி.மீ. நெகட்டிவ் பயன்படுத்தியதற்கும் காரணம் இதே அடுக்கு வேலைதான். பிரதிமேல் பிரதி எடுக்கும்போது மணி ஏறும், பெரிய நெகட்டிவ் அதைத் தாங்கிக்கொள்ளும்.

தெருக் காட்சிகளின் மழைக்கும் புகைக்கும் வேறு வேலை உண்டு. கலிஃபோர்னியாவின் பர்பாங்கில் ஸ்டூடியோவின் நியூயார்க் தெரு செட்டில், இரவில் எடுத்தவை. பல படங்களில் வந்த அந்த முகப்புகள் அடையாளம் தெரியாமல் இருக்க மழை உதவியது.

*

கண் மினுக்கத்தைத் தேடிப் பார்க்கிறவர்களுக்கு. டைரலிடம் இருக்கும் ரெப்ளிகண்ட் பெண் ரேச்சல், பிரிஸ், டைரலின் செயற்கை ஆந்தை எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் கண்மணி செம்பொன் நிறத்தில் ஒளிரும். லென்ஸுக்கு முன்னால் 45 டிகிரியில் பாதி ஒளியை மட்டும் திருப்பி மீதியை ஊடுருவவிடும் அரைக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்து, அதில் பட்டுத் திரும்பும் சின்ன வெளிச்சத்தை லென்ஸ் பார்க்கும் அதே கோட்டில் நடிகரின் கண்ணுக்குள் அனுப்பினார்கள். விழித்திரையில் பட்டு அதே வழியில் திரும்பி வருகிறது. ஃபிளாஷ் போட்டோவில் கண் சிவப்பதும் இதே காரணத்தால்தான். வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் முகமும் சேர்ந்து வெளுத்துவிடும், அதனால் மிகக் குறைவாகவே வைத்தார்கள். அதனால்தான் பகலில் ஜன்னல் திறந்த அறையில் பார்த்தால் இது கண்ணில் படுவதே இல்லை.

டெக்கார்டின் வீட்டுச் சமையலறைப் பக்கத்தில், தன்னைத் தேடி வருவாயா என்று ரேச்சல் கேட்கும் இடத்தில் அவரை மட்டும் பார்க்காதீர்கள். பின்னால், போகஸ் இல்லாமல் நிற்கும் டெக்கார்டின் கண்களைப் பாருங்கள். ஒரு கணம்தான்.

*

டெக்கார்டும் ரெப்ளிகண்டா என்ற விவாதம் ஓயாது. ராய் பேட்டியைப் பற்றி ஒன்று சொல்கிறேன்.

பிரையன்ட் காட்டும் திரையில் ஒவ்வொருவரின் தயாரிப்பு நாளும் வருகிறது. நிறுத்திப் படியுங்கள். ராய் பேட்டிக்கு 2016 ஜனவரி 8. கதை நடப்பது 2019 நவம்பரில். இந்த ரெப்ளிகண்ட்களுக்கு ஆயுள் நான்கு வருஷம். அதாவது அவருக்கு மிச்சம் இருப்பது சுமார் இரண்டு மாதம், உடம்பு அதற்கு முன்பே மடங்க ஆரம்பித்துவிட்டது. கடைசித் துரத்தலில் விரல்கள் தானாகச் சுருங்குகின்றன. பழைய மரப்பலகையிலிருந்து ஆணியைப் பிடுங்கி உள்ளங்கையில் ஏற்றிக்கொள்வது வலியால் அந்தக் கையை இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்யவைக்க. முதல்முறை பார்க்கும்போது வெறி பிடித்த வில்லன் என்றுதான் தோன்றும். தேதியைப் படித்துவிட்டுப் பார்த்தால், கூரை விளிம்பிலிருந்து விழப்போகும் டெக்கார்டின் மணிக்கட்டை எந்தக் கை பிடிக்கிறது என்று கவனிப்பீர்கள். ஆணி இன்னும் அதில்தான் இருக்கிறது.