கேமரா இருக்கட்டும், கேள்வி கேட்பது யார்?

அன்பான யாழ்ப்பாணத்து அளவெட்டி ஊர் உறவுகளுக்கு,

ஊரில் இருக்கிற வயதானவர்களின் குரலைப் பதிவுசெய்வது பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள், நல்ல விசயம். ஆனால் கேமரா, மைக், செலவு என்றே கதை போகிறது, யார் கேட்பது, எப்படிக் கேட்பது என்று ஒருவரும் எழுதவில்லை. அதற்காகத்தான் பிரித்தானியத் தொலைக்காட்சியில் பேட்டி எடுத்துப் பேர்பெற்ற மைக்கல் பார்கின்சனைப் பற்றிச் சொல்ல வருகிறேன். லண்டன்காரருக்கு அவரைத் தெரிந்திருக்கும், மற்றவர்கள் யூடியூபில் பாருங்கள்.

1935இல் யோர்க்சயரில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுப் பத்திரிகை நிருபரானார். பிபிசியில் 1971 முதல் 1982 வரையும், பிறகு 1998இல் திரும்ப வந்து 2007 வரையும் (கடைசி மூன்று வருடம் ஐடிவியில்) பேட்டி எடுத்தார். 2023இல் தன் 88ஆவது வயதில் காலமானார்.

குத்துச்சண்டை வீரர் முகமது அலியை மட்டும் நாலு தடவை பேட்டி கண்டிருக்கிறார், அந்த நாலையும் வரிசையாகப் பாருங்கள். 1971இல் ஏசுவும் தேவதூதர்களும் ஏன் வெள்ளையாக இருக்கிறார்கள் என்று சின்ன வயதில் தாயிடம் கேட்ட கதையை அலி சொல்கிறார், பார்கின்சன் குறுக்கே விழாமல் அவரைச் சொல்ல விடுகிறார். 1974இல் ஒரு கேள்விக்கு அலிக்குக் கோபம் பொங்கிவிடுகிறது, பார்கின்சன் எழும்பிப் போகாமல் அந்தக் கோபத்தையும் கேட்டுக்கொண்டு இருக்கிறார். 1981இல் அலியின் பேச்சே மெதுவாகிவிட்டது, பார்க்க மனம் கனக்கும். நாலு தடவையும் தான் தோற்றதாகப் பார்கின்சனே சொல்லியிருக்கிறார், ஆனால் அலியை அவ்வளவு நேரம் கதைக்க விட்டதுதான் அவருடைய திறமை என்பேன்.

அவர் பிழைவிட்ட இடமும் உண்டு. 1975இல் நடிகை ஹெலன் மிரனிடம் நடிப்பை விட்டுவிட்டு அவருடைய உடம்பைப் பற்றிக் கேட்டார், அதற்காகக் கடைசிவரை விமர்சனம் கேட்டார். இவரிடம் இதைத்தான் கேட்கவேண்டும் என்று முதலே முடிவுகட்டிவிட்டுப் போனால் அப்படித்தான் ஆகும். எங்கள் ஆச்சிமாரிடம் போய் ஒடியல் கூழ் எப்படிக் காய்ச்சுவது என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிற வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. 1995 ஐப்பசியில் போரால் எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பிக் குடாநாட்டின் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது பிள்ளைகளையும் நகையையும் காணி உறுதிகளையும் காப்பாற்றிக் கொண்டுபோனவர்கள் அவர்கள். அதை யார் கேட்கிறது?

தவில் மேதை தட்சிணாமூர்த்தியை நேரில் கேட்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், அவர் போய்ச் சேர்ந்தது 1975இல், அப்போ அவர்களுக்கு இப்ப என்ன வயது என்று யோசியுங்கள். அவர்களில் ஒருவரிடம் "அவர் பெரிய கலைஞர்தானே அப்பு?" என்று கேட்டால் "ஓம்" என்பார், கதை அதோடு முடிந்தது. எந்தக் கோயிலில் கேட்டீர்கள், எவ்விடத்தில் இருந்தீர்கள், நாதசுரம் யார், விடிய எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். அவர் யோசிக்கிற நேரத்தில் அடுத்த கேள்வியை எடுத்து நீட்டாதீர்கள்.

இந்த முறை எங்கள் ஊர்க் கும்பழாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு ஊர் போகிறவர்கள் எனக்கு எழுதுங்கள். யார் யாரைக் காண்பது என்று முதலே பிரித்து, அவரவர் குடும்பம், தொழில், இருந்த இடம் எல்லாம் இங்கேயே விசாரித்து எழுதித் தருகிறேன். காது மந்தமானவர்களுக்குப் பேரப்பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்தால் நல்லது.